ஐந்து துப்பாக்கிகளும் ஒரு காலி இடமும்

ரேஜான் நதோ யாரிடமும் எதையும் கேட்டு வாங்கியதில்லை. கனடா எல்லையோரத்தில் இருக்கும் கிளேர் ஊரில் இது எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. முப்பத்தோரு வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியவள். ஒரு ஜனவரி மாதக் காலையில் பேருந்து சறுக்கிச் சாலையோரப் பள்ளத்தில் இறங்கிவிட்டது. பின்னால் வந்த மர லாரிக்காரர் தன்னிடம் சங்கிலி இருக்கிறது, இழுத்துவிடட்டுமா என்றார். வேண்டாம் என்று அவரை அனுப்பிவிட்டு, இஞ்சினை அணைக்காமல் வைத்து, மண்வாரியை எடுத்து ஒன்றரை மணி நேரம் தானே பனியைத் தோண்டினாள். உள்ளே இருந்த பதினெட்டுப் பிள்ளைகளும் கணக்குப் பரீட்சை போயே போயிற்று என்ற சந்தோஷத்தில் அவளுக்கு ஜன்னல் வழியே கைதட்டினார்கள்.

அவள் கணவன் ஜில் எண்ணெய் வயலில் வேலை என்று ஆல்பர்ட்டாவுக்குப் போனான். ஆறு மாதம் என்று சொல்லிவிட்டுப் போனவன் இரண்டு வருடம் ஆகியும் திரும்பவில்லை. வா என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அடுத்த விமானத்தில் வந்திருப்பான் என்று அவன் தம்பி இன்றைக்கும் சொல்லிக்கொண்டு திரிகிறான். அவள் கேட்கவில்லை. அவன் அங்கேயே வேறொருத்தியோடு குடித்தனம் வைத்துவிட்டான். இதில் யார் மேல் தப்பு என்று ஊரில் இரண்டு கட்சி உண்டு. என்னைக் கேட்டால் இரண்டு பேருக்கும் நல்ல அறை ஒன்று விட்டிருக்க வேண்டும்.

அவளுக்கு ஒரே அண்ணன், லோமேர். ஆற்றுக்கு அந்தக் கரையில், அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்து ஃபோர்ட் கென்டில் இருந்தான். அம்மாவுக்கு அவனை வயிற்றில் வைத்து வலி எடுத்தபோது அந்தக் கரை ஆஸ்பத்திரிதான் பக்கம், அதனால் அமெரிக்கனாகப் பிறந்தான். இரண்டு வருடம் கழித்து ரேஜானுக்கு வலி எடுத்த அன்று பனிப்புயலில் பாலத்தை மூடிவிட்டார்கள். அதனால் அவள் கிளேர் வீட்டுச் சமையலறையில் கனடாக்காரியாகப் பிறந்தாள். ஒரே வயிறு, ஒரே வீடு, இரண்டு நாடு. இந்தப் பள்ளத்தாக்கில் பாதிக் குடும்பங்களின் கதை இதுதான், யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

எல்லையையும் இங்கே யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. அந்தக் கரையில் வெண்ணெயும் பாலாடைக்கட்டியும் கோழியும் மலிவு. வாங்கி வண்டி சீட்டுக்கு அடியில் தள்ளிவிட்டு, பாலத்தில் சுங்கக்காரர் கேட்டால் பெட்ரோல் மட்டும்தான் போட்டேன் என்று சொல்லிவிட்டு வருவார்கள். கன்னியாஸ்திரிகள்கூட அப்படித்தான் வந்தார்கள். ரேஜான் இதில் கைதேர்ந்தவள். ஒரு கிறிஸ்துமஸுக்கு முழு வான்கோழியைக் குழந்தைக் கம்பளியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு வந்தவள்.

லோமேர் மட்டும் விதிவிலக்கு. முப்பத்து நான்கு வருடம் அமெரிக்கத் தபால்காரனாக இருந்தவன். சட்டத்தில் எழுதியிருப்பதை ஒரு எழுத்து விடாமல் செய்தாக வேண்டும் அவனுக்கு. அப்பாவைப் பார்க்க வரும்போது அரை பவுண்டு வெண்ணெய் கொண்டுவந்தால்கூடப் பாலத்தில் வண்டியை நிறுத்தி, அரை பவுண்டு வெண்ணெய் என்று அறிவிப்பான். போ போ என்று கையைக் காட்டினால், உப்பு போட்ட வெண்ணெய் என்று சேர்த்துச் சொல்வான். பின்னால் வரிசையில் நிற்பவர்கள் ஹாரனை அழுத்துவார்கள். ரேஜான் அவனை இதற்காகச் சாப்பாட்டு மேசையில் வைத்துக் கிழி கிழி என்று கிழிப்பாள். அவன் பாட்டுக்கு ப்ளோய் என்கிற அந்த ஊர்த் தோசை மேல் அந்த வெண்ணெயைத் தடவி, சுருட்டி, வெல்லப்பாகில் தோய்த்துச் சாப்பிடுவான்.

அப்பா அதெலார் இறந்தது ஒரு அக்டோபர் கடைசியில். அவர் வீட்டுச் சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஒரு ரைஃபிள் தொங்கும். 303 ரகம். பழைய ராணுவத் துப்பாக்கியின் கட்டையை இழைத்து வேட்டைக்குத் தோதாக்கியது. பூட்டி வைக்க வேண்டும் என்பது சட்டம், அதை லோமேர் வாரம் தவறாமல் சொல்வான், அப்பா வாரம் தவறாமல் காதில் வாங்கமாட்டார். ஒரு தடவை அவர் பனிக்கட்டியில் வழுக்கி விழுந்து கட்டை விரிசல் விட்டுவிட்டது. மின்சார ஒயரை உரித்து, செம்புக் கம்பியை எடுத்து, பத்துச் சுற்று இறுக்கிச் சுற்றினார். அதில் மூன்றாவது சுற்று கோணல். அந்தத் துப்பாக்கியோடு மூஸ் மான் வேட்டைக்கு அவர் பின்னால் இருபது வருடம் காடு காடாக நடந்தவள் ரேஜான். கடைசி நான்கு வருடம் அவருக்குக் கை நடுங்கியபோது சுட்டதும் அவள்தான். லோமேருக்கு அந்த நாட்களில் தபால் பை தூக்கவே நேரம் சரியாக இருந்தது.

அடக்கம் முடிந்த மறுநாள் கதவுக்குப் பின்னால் ஆணி மட்டும் இருந்தது.

"நான் எடுத்து வண்டியில வெச்சுட்டேன்," என்றான் லோமேர். "மூத்தவன் நான்தானே. உனக்கு வேணும்னா ஒரு வார்த்தை கேளு. குடுத்துடறேன்."

"நீயே வெச்சுக்க," என்றாள் ரேஜான். "இனிமே சாகற வரைக்கும் உன்கிட்ட நான் ஒண்ணும் கேக்கமாட்டேன்."

இவ்வளவுதான் சண்டை. இதற்குப் பதினோரு வருடம் பேச்சு வார்த்தை இல்லை. பாலத்தில் எதிரெதிரே வண்டி போகும், இருவரும் நேரே பார்த்துக்கொண்டு போவார்கள். லோமேரின் மனைவி இறந்தபோது ரேஜான் போனாள், தேவாலயத்தின் கடைசி வரிசையில் நின்றாள், வந்துவிட்டாள். ஒவ்வொரு செப்டம்பரும் மூஸ் வேட்டை தொடங்கும்போது அப்பாவின் துப்பாக்கி அந்தக் கரையில் எந்தப் பெட்டிக்குள் துருப்பிடிக்கிறதோ என்று நினைத்து அவளுக்கு வயிறு எரியும். கேட்டால் தருவான் என்று தெரியும். கேட்டால்தான் தருவான் என்பதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

பிறகு ஒரு டிசம்பரில் லோமேர், வாசலில் பனி தள்ளும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். எழுந்திருக்கவில்லை. பிள்ளை இல்லாதவன். வக்கீல் அலுவலகத்திலிருந்து கார்லீன் என்ற குமாஸ்தா பெண் கூப்பிட்டு, வீடு தேவாலயத்துக்கு, துப்பாக்கிகள் எல்லாம் தங்கை ரேஜானுக்கு என்று உயிலில் இருப்பதாகச் சொன்னாள். பட்டியல் அனுப்பினாள். ஐந்து நீளத் துப்பாக்கி, ஒரு ரிவால்வர். நான்காவது வரியில் 303 என்று இருந்தது.

அந்த வரியை ரேஜான் எத்தனை தடவை படித்திருப்பாள் என்று கணக்கில்லை. அப்படியானால் கேட்காமலே கொடுத்துவிட்டான். செத்த பிறகாவது அவன் இறங்கி வந்தான் என்று அவளுக்குத் தோன்றியது. மூன்று நாள் வீட்டுக்குள் தனியாக அழுதாள், நான்காம் நாள் படிவங்களை எடுத்து உட்கார்ந்தாள்.

பாலத்தின் நீளம் நடந்தால் ஐந்து நிமிடம். அந்த ஐந்து நிமிடத்தைத் துப்பாக்கியோடு கடக்க அவளுக்குப் பத்து மாதம் ஆயிற்று. அமெரிக்காவிலிருந்து வெளியே கொண்டுபோக ஒரு அனுமதி, கனடாவுக்குள் கொண்டுவர இன்னொரு தாள். ரிவால்வர் வரவே முடியாது, கைத்துப்பாக்கிக்குக் கனடா கதவைச் சாத்திவிட்டது, அதை அங்கேயே கடைக்காரரிடம் விற்றுவிட வேண்டும். வெளிநாட்டுக்காரி அங்கே துப்பாக்கியைத் தொட வேண்டுமென்றால் அந்த நாட்டு வேட்டை உரிமம் ஒன்றாவது கையில் வேண்டுமாம். லோமேர் வீட்டிலிருந்து பாலம்வரை இரண்டு மைல். அந்த இரண்டு மைலுக்காக மெய்ன் மாநிலத்தில் வேட்டையாட உரிமம் எடுத்தாள். சந்தேகம் இருந்தால் கேளுங்கள் என்று கார்லீன் ஒவ்வொரு தடவையும் சொன்னாள். ரேஜான் கேட்கவில்லை, அதனால் படிவம் இரண்டு தடவை திரும்பி வந்தது.

ரேஜானுக்கு வருடக்கணக்காக வியாழக்கிழமை தோறும் ஒநெசீம் பெல்ட்டியே வீட்டில் சீட்டாட்டம். கிளேர் பக்கத்தில் பாலத்துக்கு முந்தைய கடைசி வீடு அவருடையது. மர அறுவை ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், மனைவியை இழந்தவர், வேட்டைக்காரர். ஒரு நாளைக்குப் பத்து வார்த்தைக்கு மேல் பேசினால் அவருக்குத் தொண்டை கட்டிவிடும். லோமேரின் அடக்கத்துக்கு மறு வாரம், அவளுக்குச் சீட்டுப் போட்டுக்கொண்டே, என்னிடம் ஏதாவது கேட்க வேண்டுமா என்றார் ஒநெசீம். உன்னிடம் கேட்க எனக்கு என்ன இருக்கிறது, சீட்டைப் போடு என்றாள். அதன் பிறகும் மாதத்துக்கு ஒரு தடவையாவது அதே கேள்வியைக் கேட்டார். கிழவருக்குத் தனிமையில் புத்தி தடுமாறுகிறது என்று நினைத்துக்கொண்டாள். பட்டியலில் 303 இருக்கிறது என்று அவள் சொன்னபோது மட்டும் அவர் தலையை நிமிர்த்தி ஒரு கணம் அவளைப் பார்த்துவிட்டு, மறுபடி சீட்டுக்குள் முகத்தை வைத்துக்கொண்டார்.

தாள்கள் எல்லாம் ஒருவழியாகச் சேர்ந்தது அக்டோபரில், ஒரு வியாழக்கிழமை. ரேஜான் காலையிலேயே பாலம் தாண்டினாள். வழக்கம் மாறாமல் முதலில் கடைக்குப் போய் இரண்டு பவுண்டு வெண்ணெய் வாங்கி சீட்டுக்கு அடியில் தள்ளினாள். பிறகு லோமேர் வீட்டுக்குப் போனாள். கார்லீன் சாவியோடு நின்றிருந்தாள்.

துப்பாக்கிப் பெட்டி நிலவறையில் இருந்தது. ஆளுயர இரும்பு அலமாரி. உள்ளே தபால் நிலையத்தில் கடிதம் பிரிக்கும் தட்டு மாதிரி ஒவ்வொரு துப்பாக்கிக்கும் ஒரு தடுப்பு, தடுப்புக்கு மேல் ஒரு அட்டை, அட்டையில் வாங்கிய தேதி, எண், கடைசியாகத் துடைத்த நாள். ரேஜான் மற்ற எதையும் பார்க்காமல் நான்காவது தடுப்பில் கையை விட்டாள்.

வெளியே வந்தது பளபளவென்று ஒரு துப்பாக்கி. கட்டையில் கீறல்கூட இல்லை. செம்புக் கம்பி இல்லை. 303 தான், ஆனால் லோமேர் எங்கோ கடையில் வாங்கியது.

அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அப்புறம் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். விற்றுவிட்டான் என்றுதான் முதலில் தோன்றியது. பதினோரு வருடம் கேட்காத தங்கைக்கு அவன் வைத்த தண்டனை இது. பத்து மாதம் படிவம் படிவமாக நிரப்பி, கண்ட உரிமத்தை எல்லாம் வாங்கி, யாரோ ஒருவன் தொழிற்சாலையில் செய்த துப்பாக்கியை எடுத்துப்போக வந்திருக்கிறாள். அவளுக்கு அழுகை வரவில்லை. லோமேர் உயிரோடு இருந்திருந்தால் அந்தக் கணமே மறுபடி ஒரு பதினோரு வருடத்துக்குப் பேச்சை நிறுத்தியிருப்பாள்.

கார்லீன்தான் கவனித்தாள். அலமாரியில் மொத்தம் ஆறு தடுப்பு. ஆறாவது காலி, ஆனால் அதற்கு மேலும் ஒரு அட்டை இருக்கிறது என்றாள்.

மற்ற அட்டைகள் மாதிரி இல்லை அது. வீட்டில் ஆள் இல்லாதபோது தபால்காரர் கதவில் செருகிவிட்டுப் போவாரே, உங்களுக்கு ஒரு பொருள் வந்திருக்கிறது, வந்து பெற்றுக்கொள்ளுங்கள் என்று, அந்த அச்சடித்த அட்டை. கட்டங்களை லோமேர் தன் சதுரமான எழுத்தில் நிரப்பியிருந்தான். பொருள்: அப்பாவின் 303, கம்பி சுற்றியது. பெறுபவர்: ரேஜான் நதோ, கிளேர். பொருள் உள்ள இடம்: ஒநெசீம் பெல்ட்டியே வீடு. எத்தனை நாள் வைத்திருந்துவிட்டுத் திருப்பி அனுப்ப வேண்டும் என்ற கட்டத்தில் வழக்கமாகப் பதினைந்து என்று எழுதுவார்கள். அவன் அங்கே ஒரு கோடு போட்டிருந்தான். அடியில் அச்சிலேயே இருந்த வரிக்குக் கீழே இரண்டு தடவை அடிக்கோடு: பெறுபவர் நேரில் கேட்டுப் பெற்றுக்கொள்ளவும். தேதி, அப்பாவின் அடக்கத்துக்கு மறுநாள்.

ரேஜான் அட்டையைப் பைக்குள் வைத்தாள். ஐந்து துப்பாக்கியையும் உறையில் போட்டு, பூட்டி, வண்டியில் ஏற்றினாள். பாலத்தில் கனடாப் பக்கம் சுங்கத்தில் இருந்த பெண் ஒரு காலத்தில் அவள் பேருந்தில் மூன்றாவது சீட்டில் வந்தவள். எண்களைச் சரிபார்த்தாள், தாள்களில் முத்திரை குத்தினாள்.

"வேற ஏதாவது இருக்கா, மதாம் ரேஜான்?" என்றாள், பதில் தெரிந்தவள் மாதிரி, பேனாவை மூடிக்கொண்டே.

"சீட்டுக்கு அடியில ரெண்டு பவுண்டு வெண்ணெய் இருக்கு," என்றாள் ரேஜான். "உப்பு போட்டது."

அந்தப் பெண் அவள் முகத்தைப் பார்த்தாள். ஏதோ கேட்க வந்து, கேட்காமல், போகச் சொல்லிக் கையைக் காட்டினாள்.

ஒநெசீம் சமையலறையில் தனியாகச் சீட்டை அடுக்கிக்கொண்டிருந்தார். ஆட்டத்துக்கு இன்னும் நேரம் இருந்தது. ரேஜான் கோட்டைக் கழற்றாமல் அட்டையை அவர் முன்னால் வைத்தாள். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தார்.

"எத்தனை வியாழக்கிழமை இந்த மேசையில உக்காந்திருக்கேன்," என்றாள். "ஒரு வார்த்தை சொன்னியா நீ?"

"சொல்லக் கூடாதுன்னுட்டான். நீ கேட்டாத்தான்."

அன்றைக்கு ஒநெசீம் தன் ஒரு மாதத்துப் பேச்சையும் பேசித் தீர்த்தார். அடக்கத்துக்கு மறுநாள் லோமேர் துப்பாக்கியோடு பாலத்தின் வாய்வரை போயிருக்கிறான். அங்கே வண்டியை ஓரம் கட்டி முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருக்கிறான். அமெரிக்காவுக்குள் துப்பாக்கி கொண்டுபோக முன்கூட்டியே அனுமதி வேண்டும், அவனிடம் அது இல்லை. அப்பா வீட்டுக்கே திருப்பி எடுத்துப்போய்த் தங்கை முகத்தில் விழிக்கவும் அவனுக்கு மனம் வரவில்லை. அதனால் பாலத்துக்கு முந்தைய கடைசி வீட்டுக் கதவைத் தட்டினான். உன்னிடம் உரிமம் இருக்கிறது, வைத்துக்கொள், அவள் இரண்டு நாளில் கேட்பாள், கொடுத்துவிடு என்றான்.

ரேஜான் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். அரை பவுண்டு வெண்ணெயை ஒளிக்கத் தெரியாதவன், துப்பாக்கியை மட்டும் எப்படிப் பாலம் தாண்டிக் கொண்டுபோயிருப்பான்? ஊரில் எல்லோரும் எதையும் கொண்டுபோவார்கள், அதனால் அவனும் கொண்டுபோயிருப்பான் என்று அவள் நினைத்துவிட்டாள். ஆயுசு முழுக்க அவனை எதற்காகக் கேலி செய்தாளோ, அதைச் சரியாக அந்த ஒரு தடவை மறந்துபோனாள். துப்பாக்கி எந்த எல்லையையும் தாண்டவே இல்லை. அவள் வீட்டிலிருந்து மூன்று கிலோமீட்டர் தூரத்தில், அவள் சீட்டாடும் மேசைக்கு அடுத்த அறையில் இருந்திருக்கிறது.

"வருஷா வருஷம் வேட்டைக்கு முன்னாடி வருவான்," என்றார் ஒநெசீம். "நீ பஸ் ஓட்டற நேரமாப் பாத்து. நீ ஓய்வு வாங்கினப்புறம், நீ கோயிலுக்குப் போற நேரமாப் பாத்து. இதே மேசையில வெச்சுப் பிரிச்சுத் துடைச்சு எண்ணெய் போடுவான். முடிச்சுட்டு, கேட்டாளான்னு கேப்பான். இல்லம்பேன். பூட்டிட்டுப் போயிடுவான்."

"போன வருஷமும் வந்தானா?"

"வந்தான். மூச்சு வாங்குச்சு அவனுக்கு. படியில ரெண்டு தடவ நின்னான்."

ரேஜான் மேசையைப் பார்த்தாள். எண்ணெய்க் கறை ஒன்று மரத்தில் ஊறியிருந்தது. பதினோரு வருடமாக அதன் மேல்தான் தன் காபிக் கோப்பையை வைத்திருக்கிறாள்.

"சரி, போய் எடுத்துட்டு வா," என்றாள் கடைசியில்.

ஒநெசீம் எழுந்திருக்கவில்லை. சீட்டுக் கட்டை ஓரமாகத் தள்ளி வைத்தார். இரண்டு கையையும் மேசை மேல் வைத்துக்கொண்டு காத்திருந்தார். அவர் எதற்குக் காத்திருக்கிறார் என்று அவளுக்குப் புரிய சற்று நேரம் பிடித்தது. கோபம் மூக்கு நுனிவரை வந்தது. வெளியே போய் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விடலாம் என்றுகூட எழுந்தாள், கதவுவரை போனாள். அங்கேயே நின்றாள். கதவுக் கண்ணாடி வழியே வாசற்படி தெரிந்தது. லோமேர் இந்தப் படியில்தான் மூச்சு வாங்க நின்றிருப்பான்.

திரும்பி வந்து மறுபடி நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"எனக்கு அப்பாவோட துப்பாக்கி வேணும்," என்றாள். "குடு, லோமேர்."

பெயர் மாறிவிட்டதை இரண்டு பேருமே திருத்தவில்லை. ஒநெசீம் சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போனார்.